ஜீரோ கேட் வரை பதினெட்டு கிலோமீட்டர்

காலை ஏழரை மணிக்குத் திருவொற்றியூரில் ஆட்டோ ஏறினோம், நானும் என் தங்கை கலாவும். போக வேண்டிய இடம் மணலி புதுநகர்ப் பக்கம் ஆண்டார்குப்பம். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டு இருநூற்றைம்பதுக்கு இறங்கி வந்தார். ஆண்டார்குப்பத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். கன்டெய்னர் கிடங்குகள், பஞ்சர் கடைகள், டீக்கடைகள், புழுதி. அங்கே கலாவின் கணவர் தேவராஜ் ஒரு டிரெய்லர் லாரியோடு எங்களுக்காக நின்றிருந்தார். நாற்பதடி கன்டெய்னர் ஏற்றிய அந்த லாரியில் உட்கார்ந்து சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரை போவதுதான் பயணம். தூரம் சுமார் பதினெட்டு கிலோமீட்டர். வழியில் திருவொற்றியூரில் அவர்கள் வீட்டுத் திருப்பத்தையே கடந்து போக வேண்டும். அதாவது வீட்டு வாசலில் ஆட்டோ ஏறி வடக்கே போய், அங்கே லாரி ஏறி, திரும்பவும் வீட்டைத் தாண்டித் தெற்கே போவது. இதற்கு ஒரு முழுப் பகல்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் நிறைய ஊர் சுற்றிவிட்டேன். காசி, கேதார், அந்தமான் எல்லாம் போய் எழுதியும் இருக்கிறேன். எங்கே போனாலும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே பிளாட்பாரத்தில் நிற்கிற ஜாதி நான். யாருக்காகவும் எதற்காகவும் காத்திருப்பது எனக்கு ஆகாது. அப்படிப்பட்டவளை லாரி வரிசையில் உட்கார வைத்தது கலாவின் ஆசை.

சஸ்பென்ஸ் வைத்து எழுதுவதும் எனக்குப் பிடிக்காது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கலாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், அதற்கடுத்த நாள் ஆபரேஷன். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தாள், பேசினாள். பிறகு வந்த காய்ச்சல் இறங்கவில்லை. கலா இப்போது இல்லை. யார்மீதும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்துதான் லாரி ஏறினோம்.

தேவராஜ் அன்றைக்கு லீவு போடுவதாகத்தான் இருந்தார். நான் சேலத்திலிருந்து வந்து இறங்கிய மாலையில் அதைச் சொன்னபோது கலா காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"லீவு போட்டு இன்னா பண்ணுவ? என் மூஞ்சிய நீ பாத்துகினு குந்து, உன் மூஞ்சிய நா பாத்துகினு குந்தறேன். சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சிரும். நீ வண்டிக்கு போ. நானும் வரேன்."

அவளுக்குக் கல்யாணமான புதிதிலிருந்து இருந்த ஆசை இது. அவர் லாரியில் ஒரு நாள் போக வேண்டும். முதலில் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். அப்புறம் பையன் கைக்குழந்தை. அப்புறம் அவனுக்குப் பள்ளிக்கூடம். அப்புறம் மழை, வெயில், ரோடு சரியில்லை. பையன் பெங்களூரில் வேலைக்கே போய்விட்டான், கலா இன்னும் அந்த லாரியில் ஏறவில்லை.

"ஆபரேசன் முடியட்டும் கலா. அப்பால ஷோக்கா போலாம்" என்றார் தேவராஜ்.

"அப்பால அப்பாலன்னு இருவத்தஞ்சு வருசம் ஓட்டிட்ட. இனிமே அப்பால கீதோ இல்லியோ. நாளிக்கு கீது."

நான் குறுக்கே புகுந்தேன். கோயிலில் ஓர் அர்ச்சனை, மதியம் நல்ல தூக்கம் என்று அவளுக்காக நான் ஒரு திட்டத்தோடு வந்திருந்தேன். என் திட்டத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரிடம் போன் போட்டு மாட்டிவிடலாம் என்று பார்த்தேன். உட்கார்ந்துகொண்டு போவதென்றால் போகட்டும், மூச்சு வாங்கினால் உடனே இறக்கிவிடுங்கள் என்று அவரும் காலை வாரிவிட்டார்.

டிரெய்லரில் ஏறுவது மலையேற்றம். மூன்று படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். டீக்கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி வந்து தேவராஜ் கீழே போட்டார். கலா ஸ்டூலில் ஏறி ஒரு நிமிடம் நின்றாள், முதல் படியில் ஏறி ஒரு நிமிடம் நின்றாள். பின்னால் அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, மாவு மூட்டை விழுந்தால் பிடிக்கிற மாதிரி நின்றார். மேலே போய் உட்கார்ந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்த வாயைத் திறந்தேன். கலா என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டி, இரு என்றாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் டீயை மறந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் படுக்கிற அளவு பலகை. அது எனக்கு. கலா அவர் பக்கத்துச் சீட்டில். ஒன்பது மணிக்கு வண்டி நகர்ந்தது.

உரத் தொழிற்சாலைச் சந்திப்பு வரை கலா ஓயவில்லை. இது எதற்கு, அது எதற்கு என்று ஒவ்வொரு பட்டனாகக் கேட்டாள். டேங்கர் லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. மணலிக் காற்று, அழுகிய முட்டை நெடி கலந்து, ஜன்னலை மூடினாலும் உள்ளே வந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர்கள் இரண்டு பேருக்கும் அது நெடியாகவே தெரியவில்லை. தேவராஜ் ஏர் பிரேக்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அவருடைய வேலையைப் பற்றி அவரிடம் இத்தனை கேள்வி கேட்டவர்களும் அதுவரை யாரும் இல்லை போலிருக்கிறது.

பத்து மணிக்கு எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறி இறங்கியதும் வண்டி நின்றது. அங்கேயே லைன் தொடங்கிவிட்டது.

லைனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்குள் போகிற டிரெய்லர்கள் எண்ணூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஜீரோ கேட்டில் வண்டிகளை உள்ளே விட விட, இங்கே ஒரு வண்டி நீளம், இரண்டு வண்டி நீளம் நகரும். சில நாள் மூன்று மணி நேரம், சில நாள் ஒரு பகலும் ஓர் இரவும். அன்று நாங்கள் நின்ற இடத்திலிருந்து கேட்டுக்கு ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். நடந்தே போய்விடலாம் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

லைனில் தூங்கக் கூடாது. முன் வண்டி நகர்ந்து நாம் நகராவிட்டால் அந்த இடைவெளியில் எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் முன்னும் பின்னும் நிற்கிறவர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒருவர் தூங்கினால் சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவார், அடுத்தவர் தன் வண்டியை நகர்த்திவிட்டு ஓடி வந்து இவருடையதையும் நகர்த்துவார். தேவராஜ் மற்றவர்கள் வண்டியை நகர்த்தியிருக்கிறாரே தவிர, தன் சாவியை ஒரு நாளும் யாரிடமும் விட்டதில்லை. லைனில் அவர் பெயர் அட்டை தேவா. முன் வண்டியை அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டே போவார். பையன் பிறந்த சேதி லைனில் நிற்கும்போதுதான் வந்ததாம். கன்டெய்னரை இறக்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். இதைச் சொன்னது எங்களுக்கு முன்னால் நின்ற வண்டியின் டிரைவர் கபீர் பாய், தண்டையார்பேட்டைக்காரர். நகராத நேரத்தில் இறங்கி வந்து எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு அட்டை தேவாவின் பெருமைகளைச் சொன்னார்.

"இருவத்தஞ்சு வருசத்துல ஒரு எடம் வுட்டதில்ல தங்கச்சி. இவன் பின்னால நின்னா நிம்மதி, முன்னால நின்னா இன்னும் நிம்மதி."

"எனக்குதான் நிம்மதி இல்ல பாய்" என்றாள் கலா.

திருவொற்றியூர் நெருங்கும்போது அந்த ஒட்டலைக் கண்ணால் பார்த்தோம். ஒரு டிரெய்லர் வலது பக்கமாக வந்து, எங்களுக்கும் கபீர் பாய்க்கும் நடுவில் தலையை நீட்டியது. தேவராஜ் ஹாரன் அடிக்கவில்லை. வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்தி வழியை அடைத்துவிட்டு இறங்கிப் போனார்.

"இன்னா மாமு, நாங்கல்லாம் இங்க மீன் புடிக்கவா நின்னுகினு கீறோம்?"

"அர்ஜென்ட்டுண்ணா, கப்பல் டைம் முடியப் போவுது."

"எல்லாருக்கும்தான் அர்ஜென்ட்டு. ரிவர்ஸ் எடு. பின்னாடி போய் ஒயுங்கா நில்லு."

அந்த வண்டி பின்வாங்கியது. தேவராஜ் வந்து ஏறியதும் கலா உதட்டைப் பிதுக்கினாள். "ரெண்டு குத்து வுடுவன்னு பாத்தேன். சொம்மா பேசிட்டு வந்துட்ட." அவர் சிரித்தார். அவர் வீட்டுத் திருப்பம் அப்போது வலது பக்கம் போனது, மூன்று பேருமே அதைக் கவனிக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் கடல் தெரிந்தது. இந்தச் சாலையில் நான் பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். பஸ்ஸிலிருந்து பார்த்தால் கருங்கல் தடுப்பும் அங்கங்கே ஒரு கீற்று நீலமும்தான். டிரெய்லர் உயரத்துக்கு எல்லாம் கீழே போய்விடுகிறது. கல்லுக்கு அந்தப் பக்கம் அலை, அலைக்கு அந்தப் பக்கம் ஃபைபர் படகுகள், தூரத்தில் உள்ளே போக முறை வராமல் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்கள். அங்கேயும் ஒரு லைன்.

கலா கண்ணாடியை இறக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். குரலில் நிஜமாகவே கோபம் இருந்தது.

"இவ்ளோ ஒசரத்துலருந்து டெய்லி கடலப் பாத்துகினு போற. ஒரு நாளாச்சும் வூட்ல வந்து சொன்னியாய்யா?"

"நா எங்க பாத்தேன்? முன்னாடி வண்டி பின்னாலதான் பாத்துகினு போவேன்."

"இருவத்தஞ்சு வருசமாவா?"

"கண்ண எடுத்தா எடம் பூடும் கலா."

அவள் அவர் தாடையைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பினாள். அவர் பார்த்தார். முன்னால் கபீர் பாய் வண்டி நகர்ந்தது. அவருடைய கை தானாக கியருக்குப் போயிற்று.

மதியம் ஒரு மணிக்குப் பசி. டிரெய்லரின் பக்கவாட்டில் சட்டி, அடுப்பு, அரிசி எல்லாம் வைக்க ஒரு பெட்டி இருக்கிறது. கபீர் பாய் சாலையோரத்தில் அடுப்பை மூட்டிச் சங்கரா மீன் குழம்பு வைத்தார். நான் கலாவுக்காக அரை உப்பு போட்ட சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். உப்பு அவளுக்கு விஷம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். லைன் குழம்பைப் பற்றி இத்தனை வருடமும் கதையாகக் கேட்டவள் அவள். என் டப்பாவை வாங்கி அப்படியே கபீர் பாயிடம் நீட்டினாள்.

"பாய், இத்த நீங்க துன்னுங்க. எனக்கு ஒரு தட்டு அத்த போடுங்க."

"கலா" என்றேன்.

"திட்டுக்கா. ஆனா துன்னு முடிச்சதும் திட்டு."

அவள் மெல்ல இறங்கி, லாரியின் நிழலில் அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். டீக்கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்காமல் ஸ்டூலை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரத்தில் வைத்து, அவசரமே இல்லாமல், இரண்டாவது முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குத் திட்ட வரவில்லை. நானும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டேன். குழம்பில் புளி தூக்கல், காரம் தூக்கல், கூடவே சாலைப் புழுதியும் ஒரு சிட்டிகை. நான் பல ஊர்களில் சாப்பிட்டிருக்கிறேன். அதைவிட நல்ல சாப்பாடு எனக்கு ஞாபகம் வரவில்லை.

தேவராஜ் தட்டுகளைக் கழுவப் போனபோது கலா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பயமா கீதுக்கா."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதைச் சொன்னேன்.

"வூட்ல படுத்துனு பயந்துகினு கீறதுக்கு இது தேவல" என்றாள். "இங்க பாக்க எதுனா வந்துகினே கீது."

மாலை நாலு மணிக்கு நாங்கள் பிறந்து வளர்ந்த தண்டையார்பேட்டை வலது பக்கம் வந்தது. ஐந்து மணிக்குக் காசிமேடு. மீன் ஏற்றிய வேன்கள் ஐஸ் தண்ணீரைச் சாலையில் சிந்திக்கொண்டே போயின. நாலிலிருந்து ஆறு மணி வரை அவர்கள் பேசியதையெல்லாம் பின் பலகையில் படுத்தபடி நான் கேட்டேன். வாசகர்கள் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஹாலுக்கு மஞ்சள் பெயின்ட் அடிப்பதா, பச்சை அடிப்பதா என்று ஒரு சண்டை. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் போவது பற்றி ஒரு புகார். தூரத்தில் தெரிகிற கிரேன் சிவப்பா ஆரஞ்சா என்று இன்னொரு சண்டை. மறுநாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வேண்டுமென்றே கேட்டுக்கொண்டிருந்தேன், வரவே இல்லை.

ஆறு மணிக்கு ஜீரோ கேட் கண்ணுக்குத் தெரிந்தது. எங்களுக்கும் கேட்டுக்கும் நடுவில் கபீர் பாயையும் சேர்த்து ஏழெட்டு வண்டிகள்தான். உள்ளே பாஸ் உள்ள டிரைவர் மட்டும்தான் போக முடியும். கேட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கே நாங்கள் இறங்கிக்கொள்ள வேண்டும். இறங்கினால் ஆட்டோவில் வீட்டுக்கு இருபது நிமிடம். தேவராஜ் உள்ளே போனால் கன்டெய்னரை இறக்கி வெளியே வர விடியற்காலை ஆகிவிடும். காலை ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. அதாவது அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்த நாள் அந்த டீக்கடையோடு முடிகிறது. எங்கள் கன்டெய்னர் ஏற வேண்டிய கப்பலுக்கு மறுநாள் மதியம் வரை நேரம் இருந்தது.

டீக்கடைக்கு நேராக வந்தபோது கலா ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கத் தயாராகிவிட்டேன். அவளை எழுப்பக் கை நீட்டினேன். தேவராஜ் திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

முன்னால் கபீர் பாய் வண்டி நகர்ந்தது. தேவராஜ் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை.

ஒரு வண்டி நீளம் இடம் விழுந்தது. பிறகு இரண்டு வண்டி நீளம். காலையிலிருந்து அப்படி ஒரு இடைவெளியை நான் பார்க்கவில்லை. எனக்கே பொறுக்கவில்லை. "தம்பி, நவுத்துங்க" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் காது கேட்காதவர் போல இருந்தார். பின்னால் ஒரு ஹாரன். இன்னொரு ஹாரன். அவர் வலது கையை வெளியே நீட்டி, போ போ என்று அசைத்தார். பின்னால் நின்றவர் நம்பவில்லை. லைனில் ஒருவரைத் தாண்டுவது லேசான காரியமில்லை. மெல்ல வலது பக்கமாக எடுத்து, எங்களுக்கு நேராக வந்து நிறுத்தி எட்டிப் பார்த்தார். இளவயசு டிரைவர்.

"இன்னாண்ணா, வண்டி ஃபெயிலா?"

"வண்டி ஷோக்கா கீது நைனா. நீ போ."

"உன் எடம்ணா."

"இர்க்கட்டும். நீ போ."

அவர் போனார். அவருக்குப் பின்னால் அடுத்தவர், அடுத்தவர். ஒவ்வொருவரும் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். தேவராஜ் கையை உள்ளே இழுக்கவே இல்லை. முகத்தைத் திருப்பிக் கலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஹாரன் சத்தத்தில் அவள் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. டீக்கடையைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள்.

"எறங்கணுமா?"

"இன்னும் இல்ல" என்றார் தேவராஜ். "லைன் நவுரல."

அவர் தோளுக்கு அப்பால், ஜன்னலுக்கு வெகு அருகில், ஒரு நீலக் கன்டெய்னர் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதன் நீளம் முழுவதும் போய் முடியும் வரை கலா அதைப் பார்த்தாள். அடுத்த வண்டி வந்தது. அதையும் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு இல்லை.

"லைன் நவுரலன்னா இன்னா சும்மா குந்தினு கீற. டீ சொல்லுய்யா. இஞ்சி போட்டு."

அவர் எழுந்திருக்கப் போனார். நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு இறங்கினேன். கடையில் மூன்று இஞ்சி டீ சொன்னேன், ஒன்று பன்னிரண்டு ரூபாய். பால் இப்போதுதான் அடுப்பில் ஏறியிருக்கிறது, காய நேரமாகும், பரவாயில்லையா என்று கடைக்காரர் கேட்டார்.

"ஆவட்டும்" என்றேன். "மெதுவா போடுங்க."